இடது காதுக்கு வல்லாரை

என் செல்ல அப்பாவுக்கு,

உங்களைச் செல்லம் என்று கூப்பிட இன்னும் நாக்கு வருகிறது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கடியப்பட்டணத்தில் எல்லாரும் சுகம், அம்மாவுக்குத்தான் முட்டுவலி. நான் பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறேன். காதில் மெஷின் வைத்தாயிற்று அப்பா. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு துண்டு, வெளியே காதுக்குப் பின்னால் ஒரு துண்டு.

எந்தக் காது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்குத்தான் தெரியுமே.

எனக்குத்தான் தெரியாது. இடது கை போல இடது காதும் கொஞ்சம் மட்டம், எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்தே வளர்ந்தேன். வலப்பக்கம் சரிந்து படுத்தால் இடி விழுந்தாலும் நான் எழும்ப மாட்டேன் என்று கண்டுபிடித்தது ஹாஸ்டலில் கூட இருக்கும் பிள்ளை. திருவனந்தபுரத்து டாக்டர், எப்போதிலிருந்து கேட்கவில்லை என்றார். கேட்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மா சேலைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்பாக்குத் தெரியும் மக்கா. சின்னதுல ஒனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துல்லா, அப்பமே ஆஸ்பத்திரில சொல்லிட்டாவ, இந்தக் காது போச்சுன்னு. ஆருட்டயும் மூச்சு விடப்பிடாதுன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

உங்கள் அக்காவை ஊரே செவிடி என்று கூப்பிட்டதாம். அந்தப் பெயரோடேயே, கல்யாணம் காட்சி இல்லாமல் அத்தை போய்ச் சேர்ந்தார்களாம். நம் ஊரில் வட்டப்பெயர் ஒட்டினால் உரித்து எடுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எனக்கு வேறொரு பெயரை நீங்களே வைப்பீர்களா? மறதிக்காரி!

சுனாமிக்கு மறு வருஷம் எனக்கு அந்தக் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் வல்லாரை தொடங்கியது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பச்சைச் சாறு. "மூளைக்கு நல்லது, கண்ண மூடிட்டு விழுங்கு மக்கா" என்பீர்கள். நீங்கள் கல்ஃபுக்குப் போன பிறகும் அம்மா அரைத்தாள். போன காதுக்கு வல்லாரை! நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிறகு நெஞ்சு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் என் இடப்பக்கம் நின்று சொல்லித்தந்ததைத் திருப்பிச் சொல்ல முடியாமல் நான் நின்றேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அப்போது நீங்கள் வாசலில் நின்றீர்கள். நீங்கள் வந்ததும் எனக்கு எவ்வளவு தைரியம்! உள்ளே வந்து என்ன சொன்னீர்கள்?

"அவளுக்குக் கொஞ்சம் மறதி டீச்சர். ஒண்ணும் நினைக்காதீங்க."

என் முன்னாலேயே சொன்னீர்கள். மற்றவர்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. நீங்கள் சொன்னபோது நம்பிவிட்டேன்.

டாக்டர் சொல்கிறார், ஒற்றைக் காதுள்ள பிள்ளைகள் இரைச்சலுக்குள்ளே வார்த்தையைப் பிடிக்கவே பலத்தையெல்லாம் செலவழிக்குமாம். பிடித்ததை மனதில் வைக்கப் பலம் மிஞ்சாதாம். இப்போது சின்னதிலேயே மெஷின் வைத்த பிள்ளைகள் சிலருக்கு நினைவில் நிற்பதும் தேறுகிறதாம். அந்தக் காலத்தில் ஒற்றைக் காதுக்கு மெஷின் வைப்பது இல்லை என்றும் சொன்னார். சரி, மெஷினை விடுங்கள். வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி முன்பெஞ்சில் இடது ஓரம் ஒரு இடம், அப்பா. வாயைத் திறந்து கேட்டிருந்தால் தந்திருப்பார்களே!

கோயில் கொடியேற்றத்துக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் நீங்கள் என் வலப்பக்கமே நடப்பீர்கள். பாசம் என்று நினைத்தேன். பாசம்தானோ? பிறகு ஏன் என்னிடம் மட்டுமாவது சொல்லவில்லை?

மெஷின் வைத்ததும் எல்லாம் கேட்டுவிடாது. தகர டப்பாவுக்குள் நண்டு ஊர்வது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பழக வேண்டும். பயிற்சி தரும் அக்கா, "நல்லா அறியுற ஒரு ஆளோட குரல் உண்டா மோளே? அதை இந்தக் காதுல மட்டும் கேளு" என்றாள். எனக்கு நல்லாத் தெரிந்த குரல் எது? நீங்கள் கல்ஃபிலிருந்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பியவை அம்மா போனில் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்றை மெஷினுக்குள் விட்டுக் கேட்டேன். முதலில் வெறும் நண்டு. லீவு போட்டு வீட்டில் இருந்தேன், வாரக்கணக்கில் அதே நண்டு. உங்கள் மேல் கோபத்தோடுதான் தினமும் கேட்டேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நண்டு வார்த்தையாக மாறியது.

"மக்கா, வல்லாரை குடிச்சியா? மறந்துராதே."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் காது கேட்ட முதல் வார்த்தை அதுதான் அப்பா. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லையா உங்களுக்கு? தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் அழுதாள்.

இப்போது பெண் பார்க்க வருகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "முடிய இறக்கிப் போடு மக்கா, மெஷின் தெரியாண்டாம்" என்கிறாள் அம்மா. உங்கள் சத்தியத்தை அவள் இன்னும் விடவில்லை.

நான் விட்டுவிட்டேன். அடுத்த மாதம் உங்கள் ஆண்டுப் பூசையில் நான்தான் பைபிள் வாசகம் வாசிக்கிறேன். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டு, ஊர் முழுக்க மெஷினைப் பார்க்கும்படி நின்று வாசிப்பேன். செவிடி என்று யாராவது சொன்னால் அதுவும் என் காதில் விழட்டும். போனில் இருக்கிற உங்கள் குரலை அழிக்க மாட்டேன். நீங்கள் செய்ததை மன்னிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் மறக்க மாட்டேன். எனக்கு மறதி கிடையாது அப்பா.

என் வலப்பக்கத்தில் உங்கள் கையை இன்னும் தேடுகிற,
உங்கள் மூத்த மகள் ஜெனிஃபா