நாற்பது நாள் ஏசாதவள்

நமுனுகுல,
உயிர்த்தெழுந்த ஞாயிறு, 1912

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

குழம்பில் உப்பில்லை என்றதற்கு நான் ஏசியது தாங்காமல் நீங்க ஹல்துமுல்லைக்குப் போன மறுவாரம் லெந்து நாற்பது நாள் நோன்பு தொடங்கியது. எல்லோரும் கருவாட்டை விட்டார்கள். நான் ஏச்சை விடுவதாகச் சொன்னேன். "நாப்பது நாளா? நீயா?" என்று உபதேசியாரே சிரித்தார்.

நாற்பது என்று நினைத்தால் மலைப்பாக இருந்தது. அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து கொழுந்து நிறுக்கும்வரை, பிறகு விளக்கணைக்கும்வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுமை கேட்டு ஜெபித்தேன். ஒருநாள் கங்காணி என் கொழுந்தை முற்றல் என்று கீழே கொட்டினார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரிங்க" என்றேன். கூட நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள்!

இன்று கோவிலில் முன்வரிசையில் நின்று பாடினேன். ஜெயித்துவிட்டேன்!

இனி ஒரு சோதனைதான் மிச்சம். வந்து, உப்பில்லை என்று மறுபடி சொல்லிப் பாருங்க.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி