ஒட்டி மறைத்த வரிகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் போனை எடுத்தாலே பத்துக் காது நீள்கிறது, அதனால்தான் கடிதம். உன் வைத்தியர் கொடுத்த கஷாயம் குடிக்கிறேன். வாய்க்கசப்பு போய்விட்டது, நன்றாகப் பசிக்கிறது, மூன்று கிலோ ஏறியிருக்கிறேன். அவருக்கு என் நன்றியைச் சொல். எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. ஆறு வருஷமாக என்னை நிற்க வைத்திருப்பது அதுதான்.

கஷாயத்தை, மாத்திரை தரும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் காட்டினேன். திட்டவில்லை. சில மூலிகை இந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடுமாம். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். கேட்டு அனுப்பு. வேலைக்கு மின்கம்பத்தில் ஏறும்போது மறக்காமல் கையுறை போடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வைத்தியரிடமே கொடுத்துவிட்டேன். படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மருந்துச் சரக்கு பரம்பரை ரகசியமாம், எழுதித் தரமாட்டாராம். போகட்டும், குணம்தான் தெரிகிறதே! கடிதத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறார். பயப்படாதே, நீ யாரென்று தெரியாதபடி அந்த இடங்களில் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டேன்.

உன் அன்புத் தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

சரக்கு என்னவென்று சொல்லாததால் கஷாயத்தை அன்றே நிறுத்திவிட்டேன். கடிதத்தை மாட்ட வேண்டாம் என்று அப்போதே எழுதாதது என் தப்பு.

நேற்று ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனபோது, பக்கத்து நாற்காலியில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஓர் அம்மா. எலும்பும் தோலுமாக இருந்தார். மூன்று மாதமாக மாத்திரையை விட்டுவிட்டு உன் வைத்தியரிடம் போயிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். போனில் ஒரு படம் காட்டினார். என் கையெழுத்து! மேலே கொட்டை எழுத்தில், எச்.ஐ.வி. முற்றிலும் குணமானவர் எழுதியது என்று. கடையைப் பற்றிய வரியை மறைத்திருக்கிறாய், சரி. மாத்திரை வரியும் டாக்டரம்மா சொன்னதும் எங்கேடா?

"இத எழுதினவங்க பொழச்சிட்டாங்களேம்மா, எனக்கு மட்டும் ஏன் கேக்கல?" என்றார். நான்தான் என்று சொல்லத் துப்பில்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பசிக்குக் கொடுத்த கஷாயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நன்றி சொன்னவளின் கையெழுத்தாலேயே பொய் சொன்னீர்களே, மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? இன்றே அதைக் கழற்று.

அக்கா

ஜூலை 10

அக்காவுக்கு,

மாத்திரை வரி இருந்தால் மருந்தை யார் நம்புவார்கள் என்று வைத்தியர் கேட்டார், ஒட்டிவிட்டேன். தப்புத்தான். கழற்றச் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டார். இதைப் பெரிதாக்கினால் உன் விஷயம்தான் வெளியே வரும். யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியவள் நீதானே?

தம்பி

ஜூலை 16

தம்பி,

ஆமாம், வாங்கினேன். அதைக் காட்டி என்னையே மிரட்டுகிறாய், நன்றாக இருக்கிறதடா.

வேன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு நேற்று வார்டுக்குப் போனேன். மூக்கில் குழாய். எழுதியது நான்தான் என்றேன். "அப்ப நீங்க மாத்திரைய நிறுத்தவே இல்லயா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுபடி மாத்திரை கொடுக்கிறார்கள். உடம்பு தாங்குமா என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன். காலையில் வைத்தியர் கூடத்தில் ஆள் நிறைந்திருக்கும்போது வருவேன். சட்டத்தைக் கழற்றி, நீ ஒட்டிய தாளைப் பிய்த்துவிட்டு, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிப்பேன். யார் எழுதியது என்று கேட்டால் என் பெயரைச் சொல்வேன். தெரிந்தால் தெரியட்டும். நீ என் பக்கம் நிற்பதும் அவர் பக்கம் நிற்பதும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
அந்தக் கடிதத்தை எழுதியவள்