மீனுக்கு வைத்த தண்ணீர்

மச்சான்,

தொட்டியில் இருந்த பொன்மீன் அத்தனையும் விடியச் செத்து மிதந்தன. நீங்கள் சொல்லித் தந்தபடி கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் அள்ளி வைத்துவிட்டுத்தான் நேற்றுப் பின்னேரம் மாற்றினேன். வைத்தது, வயல் வட்டையிலிருந்து நீங்கள் கொண்டுவந்த இரண்டு பூச்சிமருந்துத் தகரங்களில் ஒன்றில். “ரெண்டையும் நல்லாக் கழுவித்தான் வெச்சிரிக்கன்” என்றீர்களே.

மற்றத் தகரத்தைக் குசினியில் காணவில்லை. அதில் குடிக்கத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிரான் வட்டைக்குப் போய்விட்டீர்கள். நேற்று என்னைவிட மீன்தான் உங்களுக்குப் பெரிது என்று சண்டை பிடித்துவிட்டு, விடியமுன் நீங்கள் வெளிக்கிடும்போதும் நான் எழும்பாமலே படுத்திருந்தேன்.

இப்போது பஸ் பிடித்து வட்டைக்குத்தான் வெளிக்கிடுகிறேன். வழியில் ஒருவரையொருவர் காணாமல் மாறிப்போனால் என்று, கதவைப் பூட்டி இதைத் திறப்போடு வைக்கிறேன். தலை சுற்றினால், கண் மங்கினால் படுக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அல்பேட்டோடு உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

செசீலியா

தொட்டித் தண்ணீரைக் கோழிகள் குடிக்கிற பக்கம் ஊற்ற வேண்டாம்.

மீன் செத்ததற்கு எவ்வளவு வேண்டுமென்றாலும் ஏசுங்கள். ஏசுவதற்கு நீங்கள் வந்து சேர்ந்தால் போதும்.