அக்காவுக்கு மட்டும் சொன்னது

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆபீஸுக்கு லீவு. பெரியாஸ்பத்திரியில் மூத்திரப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தாங்க. உள்ளே கட்டி மாதிரி தடிப்பு. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியாச்சு. கேன்சரா என்றேன். "ரிசல்ட் வரட்டும்மா." டாக்டரம்மா முகம் சரியில்லை.

மாசக்கணக்கா எரிச்சல், ரத்தம். இன்ஃபெக்‌ஷன்னு தின்ன மாத்திரை எல்லாம் வீண்.

கூட வந்தது பிலோ அக்கா மட்டும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை ஆன்டனி, அக்காவோட கொழுந்தன். ரிசல்ட் வந்ததும் அவரிடம் நானே சொல்றேன், அதுவரை மூச்சு விடாதே என்றேன். அக்கா என் தலையில் கை வைத்தாள். "உன்மேல சத்தியம்டி." ஆட்டோவில் என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். ஒண்ணுக்குப் போனால் உயிர் போகுது. எழுந்து எழுந்து போறதை மேனேஜர் பார்க்கிறான்.

சாயங்காலம் அக்கா மாமியார் வந்தாங்க. காபியைத் தொடவில்லை. "தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. கேன்சர் கீற பொண்ண எப்டி கட்றது?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடி சொல்றாங்க?"

அம்மாவுக்கு இப்படித்தான் தெரியணுமா.

அக்காவுக்குப் போன். "நான் அந்த வூட்ல வாழணும்டி. பின்னாடி தெரிஞ்சா என்னத்தான கேப்பாங்க?" இந்த முறை அழவில்லை.

ஆன்டனி போனை எடுக்கவே இல்லை.

நவம்பர் 12, புதன்

ரிசல்ட். கேன்சர் இல்லை!

ஈசினோபிலிக் சிஸ்டைடிஸ். டாக்டரம்மாவையே எழுதித் தரச் சொன்னேன். "அலர்ஜி மாதிரிம்மா. ஒரு வகை ரத்த அணு பையில போய்க் குவிஞ்சு வீங்க வெச்சிருக்கு. ரொம்ப அபூர்வம்." ஸ்டீராய்டு மாத்திரை. நானா நிறுத்தக் கூடாதாம்.

அம்மா அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பழக்கத்தில் அக்கா நம்பரை எடுத்தேன். வெச்சிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ரத்தம் நின்னுடுச்சு. எரிச்சல் பாதிதான். முகம் உப்பல், அகோரப் பசி.

சர்ச்சில் பூசை முடிஞ்சு வந்தால் வூட்டில் அக்கா, மாமியார், ஆன்டனி. பழத்தட்டு வேறு. அம்மாதான் ரிசல்ட் சொல்லியிருக்காள்.

"அதான் ஒண்ணும் இல்லேன்னு ஆயிடுச்சே" என்றாங்க மாமியார்.

ஆன்டனி தரையைப் பார்த்துகினு, "அம்மா பேச்ச தட்ட முடியல."

"நாளைக்கு எனக்கு வேற எதுனா வந்தா?"

ஆன்டனி அவங்கம்மா முகத்தைப் பார்த்தார். தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்கா என்னை வாசலுக்கு இழுத்தாள். "நான் இன்னா பொய்யா சொன்னேன்? உண்மையத்தான சொன்னேன்?"

"உண்மைதான்க்கா. ஆனா அது என்னுது."

விருட்டென்று போனாள். குடையை விட்டுட்டாள். மழை வலுக்குது. நான் கூப்பிடவில்லை.