2009 பேட்ச்

12.11.2008, புதன்

புதுச்சேரியிலிருந்து ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறார்களாம். ஐந்து பேர் வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதி ஆண்டு அனுப்பிரியா என் அறை வாசலில் வந்து நின்றாள். ஆகஸ்டிலேயே சென்னைப் பெரிய கம்பெனிக்குத் தேர்வானவள்.

"நானும் எழுதறேன் சார்."

"உனக்குத்தான் ஆஃபர் வந்துடுச்சேம்மா."

"அமெரிக்காவுல பேங்க்கெல்லாம் மூடறாங்களாமே சார். அப்பா டீக்கடையில பேப்பர் பாத்துட்டு வந்து தெனமும் கேக்கறாரு."

ஒரு மாணவருக்கு ஒரு வேலைதான் என்பது விதி. பிளேஸ்மென்ட் ஆபீசர் என்ற முறையில் அதை எழுதியவனே நான். எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்து எழுதியது. "அது அமெரிக்காம்மா, நம்ம கம்பெனிக்கு என்ன" என்று சிரித்துக்கொண்டே பட்டியலில் அவள் பெயரை அடித்து நீக்கினேன்.

27.11.2008, வியாழன்

மழை விடவில்லை. சிதம்பரம் பக்கம் பஸ் இல்லை. கல்லூரி விடுமுறை.

19.1.2009, திங்கள்

பிப்ரவரியில் வருவதாகச் சொன்ன இரண்டு கம்பெனிகளும் வரவில்லை என்று எழுதிவிட்டன. ஒருவர் காரணம் சொன்னார். இன்னொருவர் அதுவும் சொல்லவில்லை.

3.3.2009, செவ்வாய்

சென்னைக் கம்பெனியிலிருந்து மெயில். ஜூலையில் சேர வேண்டிய நம் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கும் சேரும் தேதி 'பின்னர் அறிவிக்கப்படும்'.

பிள்ளைகளைக் கூப்பிட்டு, தள்ளித்தான் போயிருக்கிறது, போய்விடவில்லை என்றேன். நம்பினார்கள். நான் நம்பினேனா?

14.5.2009, வியாழன்

ஆகஸ்டில் அந்தக் கம்பெனி சார்பாக வந்து ஆள் எடுத்த சத்யப்பிரியாவுக்கு ஒரு மாதமாகப் போன் செய்கிறேன். இன்று அவரே கூப்பிட்டார்.

"நான் இப்ப அங்க இல்ல சார். எங்க டீம்ல பதினோரு பேருக்கு நான்தான் லெட்டர் டைப் பண்ணேன். மறுநாள் எனக்கு வேற யாரோ டைப் பண்ணி வெச்சிருந்தாங்க."

சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்தேன். ஏன் அப்படிக் கேட்டேன்?

போனை வைக்கும் முன் அவர் சொன்னது: "பசங்களுக்குத் திரும்ப டெஸ்ட் வெப்பாங்க சார். பாஸ் பண்ண வெக்கறதுக்கு இல்ல. கழிச்சு வுடறதுக்கு."

22.6.2009, திங்கள்

அவர் சொன்னதுதான் நடந்தது. முப்பத்தொரு பேரோடு நானும் மறு டெஸ்டுக்குச் சென்னைக்குப் போனேன். ஆகஸ்டில் சி மொழி தெரிந்தால் போதும், மற்றதை நாங்கள் சொல்லித் தருவோம் என்றவர்கள். இன்று கேட்டதில் பாதிக்கு மேல் டெஸ்டிங், எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. எங்கள் பாடத்திட்டத்திலேயே அது கிடையாது. போன வருடம் ஐம்பது மதிப்பெண் போதும். இப்போது எழுபது.

மூன்று பேர் தேறினார்கள். அனுப்பிரியாவுக்கு அறுபத்து நான்கு. ஆஃபர் லெட்டரின் ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு உறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டேன். "மார்க்கெட் அப்படி சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டிய பிறகு அவள் கேட்டாள்: "அந்தப் பாண்டிச்சேரி கம்பெனியில இப்ப கேட்டா எடுப்பாங்களா சார்?"

நான் போன வாரமே கேட்டுவிட்டேன். இடம் இல்லை. அங்கே சேர்ந்த ஐந்து பேரும் வேலையில்தான் இருக்கிறார்கள்.

24.6.2009, புதன்

காய்ச்சல். போகவில்லை.

2.7.2009, வியாழன்

கடலூர் பஸ் ஸ்டாண்டிலும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலும் கல்லூரியின் புது அட்மிஷன் ஃபிளெக்ஸ். 'எங்கள் சாதனை' என்று பன்னிரண்டு முகங்கள். இரண்டாம் வரிசையில் அனுப்பிரியா. கீழே அந்தச் சென்னைக் கம்பெனியின் பெயர். போட்டோக்களை நான்தான் ஜனவரியில் கொடுத்தேன்.

மத்தியானம் அவள் அப்பா பக்கிரி வந்தார். செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம்பொண்ணு படத்த எடுத்துடுங்க சார். கூட வேல செய்யறவனுங்கல்லாம் ஸ்வீட் எங்கன்னு கேக்கறானுங்க. அது வூட்ட வுட்டே வெளிய வர்றதில்ல. முந்தாநேத்துலேர்ந்து சாப்புடல."

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

"நாங்க யாருகிட்டயும் பொய் சொன்னதில்ல சார். இப்ப எம்பொண்ணு மூஞ்சியே பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு பொய் சொல்லுது."

திட்டியிருக்கலாம். நவம்பரில் அவளை எழுத விடாதவன் நான் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3.7.2009, வெள்ளி

கரஸ்பாண்டென்ட் ராமாமிர்தத்திடம் பேசினேன்.

"ஆஃபர் குடுத்தாங்களா இல்லியா எழிலன்?"

"குடுத்தாங்க சார். திரும்ப வாங்கிட்டாங்க."

"குடுத்தாங்க இல்ல? அதத்தான் போட்டிருக்கோம். இதுல பொய் எங்க இருக்குது? இந்த வருஷம் சீட்டு நெறயலன்னா ஒங்களுக்கு ஏது வேல?"

நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆட்டினேன்.

4.7.2009, சனி

காலை ஆறு மணிக்குக் காய் நறுக்கும் கத்தியோடு கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நாற்பது வயதில் கம்பம் ஏறுவேன் என்று நினைத்ததில்லை. நான்கு மூலைக் கயிற்றையும் அறுத்தேன். பக்கத்து டீக்கடைக்காரர், "ஆபீசுலேர்ந்து அனுப்புனாங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

சுருட்டி வீட்டில் போட்டுவிட்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே அது மாடிக்கு மேல் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கிறது. ஏற வழியில்லை. பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். கத்தி பைக்குள் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி சௌந்தரம் அதை விரித்துப் பார்த்தாள். "எல்லாம் சின்னப் புள்ளைங்களா இருக்குதுங்க" என்றாள். பிறகு, "திங்கக்கெழம என்னாங்க ஆவும்?"

6.7.2009, திங்கள்

கல்லூரியில் எல்லாம் தெரிந்திருந்தது. பிளேஸ்மென்ட் வேலையிலிருந்து எடுத்து நூலகத்துக்குப் போட்டார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் இதோடு விடுவதாகச் சொன்னார் கரஸ்பாண்டென்ட்.

சௌந்தரத்துக்குப் போன் செய்தேன். "வேற காலேஜ் பாக்கலாமே" என்றாள். எந்தக் காலேஜ்? யார் ஆள் எடுக்கிறார்கள் இப்போது?

எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம். இரண்டு இடத்தில் 'வருந்துகிறேன்'.

10.8.2009, திங்கள்

வேலை கிடைக்காத பழைய மாணவர்களையே குறைந்த சம்பளத்தில் லெக்சரராக எடுக்கிறார்கள். அனுப்பிரியாவுக்கும் கடிதம் போயிருக்கிறது. நூலகத்துக்கு வந்தாள். மெலிந்துவிட்டாள்.

"சேரட்டுமா சார்?"

இந்த வாய் ஒருமுறை சொன்னது போதாதா? "அப்பாகிட்ட கேளும்மா" என்றேன்.

"கேட்டேன். ஒங்கள கேக்கச் சொன்னாரு."

1.9.2009, செவ்வாய்

சேர்ந்துவிட்டாள். முதலாண்டுக்கு சி, இறுதி ஆண்டுக்கு டெஸ்டிங். டெஸ்டிங் பாடத்திட்டத்தில் இல்லை. சனிக்கிழமைகளில் தானாக நடத்துகிறாள்.

17.3.2010, புதன்

மார்க்கெட் திரும்பிவிட்டதாம். அதே சென்னைக் கம்பெனி வந்தது. புது அதிகாரிகள், புது சட்டை. நூலகத்துக்கு எதிரில்தான் அரங்கம். கதவு திறந்திருந்தது.

காலையிலேயே அனுப்பிரியா அவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறாள், தானும் எழுதலாமா என்று. 2010 பேட்ச் மட்டும்தான், பாலிசி என்றார்களாம். வந்து என்னிடம் சொன்னாள். "அவுங்க நல்லாத்தான் பேசுனாங்க சார்." அவளுக்கு இருபத்திரண்டு வயது. எனக்குத் தெரிந்து ஒரு குற்றமும் செய்யவில்லை, ஒரு வருடம் முன்னால் பிறந்ததைத் தவிர.

பிறகு அவள்தான் வாசலில் நின்று பெயர் வாசித்துப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினாள். ஒருவனுக்குப் பேனா இல்லை. தன்னுடையதைக் கொடுத்தாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. நாற்பத்தெட்டு பேர். மாணவிகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். "மிஸ், டெஸ்டிங் கேள்வி அத்தனையும் நீங்க நடத்துனது மிஸ்."

ஐந்தரைக்குப் பஸ். என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் திறந்து, அடுத்த வாரத் தேர்வுத் தாள்களை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.