கல்லில் இழுத்த சட்டை

மாமா,

குசினிக் கதவில் தொங்கும் துணிப்பையைக் கழுவச் சொல்லி உம்மா இன்று காலை என் கையில் தந்தார். மொழிபெயர்ப்பாளர் மாநாட்டில் உங்களுக்குக் கொடுத்த பைதான். 'மொழி ஒரு பாலம்' என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறது. உம்மா அதில் நெத்தலிக் கருவாடு கொண்டுபோகிறார். எவ்வளவு சவர்க்காரம் போட்டும் பாலம் நாறுகிறது. இதைக் கேட்டால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். இந்த வீட்டில் என் பகிடி விளங்கிச் சிரித்த ஒரே ஆள் நீங்கள்தான். என் கோபம் இவ்வளவு பெரிதாக இருப்பதும் அதனால்தான்.

நிலாவெளிக் கரையில் நாம் ஆடிய கூத்து நினைவிருக்கிறதா? சுற்றுலா வந்த ஒரு சிங்களக் குடும்பம், இன்றைக்குக் கடல் கொந்தளிப்பா என்று படகுக்காரரிடம் கேட்கச் சொன்னது. நீங்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "கலியாணம் முடிச்சிட்டீங்களா எண்டு கேக்கிறாங்க" என்றீர்கள். அந்த மனிதர் வெட்கப்பட்டு, "ஓம், ரெண்டு புள்ளையள்" என்றார். அலை இரண்டு அடிதானாம் என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்ல, அவர்கள் நிம்மதியாகப் படகில் ஏறினார்கள். எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. பிறகு நீங்கள் சொல்லித்தான் விளங்கியது. மணலில் உருண்டு சிரித்தேன். உங்களைப் போல ஆக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

இறக்கக்கண்டியில் எங்கள் பாடு, நாங்கள் கரைவலை இழுத்த கரைத்துண்டு, உங்களுக்குத் தெரியாததா? கல்லில்லாத மணல் அடி. வலையை வளைத்துப் போட்டு இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்தால், நூல் அறாமல் கரைக்கு வரும். எங்கள் பாட்டுக்கு இருந்தோம், பாட்டோடு இருந்தோம். ஹோட்டலுக்கு அந்தக் கரை வேண்டும், நீங்கள் வடக்கே போங்கள் என்று சொல்ல ஓர் அதிகாரி வந்த பிறகு அது பெரும்பாடு ஆனது. அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் ஏலாது. நடுவில் கதிரை போட்டு உங்களை இருத்தினார்கள். உம்மாவின் தம்பி, படித்தவன், எங்கள் ஆள்.

அன்று மீனவர் சங்கக் கட்டடத்தில் ஆண்கள் எல்லாரும் சுற்றிவளைத்துக் கதைத்தார்கள். உம்மாதான் எழும்பி நேராகச் சொன்னார். "ஐயா, வடக்க முழுக்கக் கல்லு. முதல்ல உங்கட சேட்டக் கழட்டி அந்தக் கல்லுல போட்டு இழுத்துப் பாருங்க. கிழியாம வந்தா நாங்க போறம்."

நீங்கள் சிங்களத்தில் ஏதோ சொன்னீர்கள். அந்த ஐயா சிரித்து, தலையாட்டி, உம்மாவுக்கு நன்றி வேறு சொன்னார். ஏழைப் பெண் சொன்னதை இளக்காரமாக எடுத்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிறகு, சனங்கள் சம்மதித்தபடி இடம் மாற்றப்படுகிறது என்று அறிவித்தல் வந்தது. அன்று பின்னேரம் நீங்கள் எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் தின்றபடி உம்மாவிடம், "நான் எல்லாம் சொன்னனான் ராத்தா. அந்தாளுக்குக் கல்லு மனசு" என்றீர்கள். உம்மா உங்களுக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

வடக்கே வலை கிழிந்தது. தைத்தோம், மறுபடி கிழிந்தது. வாப்பா இப்போது பிறத்தியாரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார்.

பிறகு அந்த மாநாடு. துறைமுகம் தெரியும் ஹோட்டல், ஐஸ் மாதிரிக் குளிரும் மண்டபம், பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் இருப்பவர்கள் மேடையில் பேசப் பேச மொழிபெயர்ப்பார்கள், நாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம் என்று நீங்கள்தான் காட்டினீர்கள். "பகல் சாப்பாட்டுக்கு வட்டிலப்பமும் இருக்காம், வா மருமகள்" என்று கூட்டிப்போனதும் நீங்கள்தான். மேசையில் யாரும் எடுக்காமல் கிடந்த மாலைதீவுப் பிரதிநிதியின் பெயரட்டையை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வழுக்கைத் தலை ஐயா ஒருவர் சட்டச் சொற்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டார். "அது இடத்துக்கு இடம் மாறும்" என்றேன். அவர் ஆழமாகத் தலையாட்டினார். நீங்கள் தேநீர்க் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றீர்கள். நாம் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

பின்னேர அமர்வில் ஒவ்வொருவரும் தாங்கள் சமாளித்த சிக்கலான கட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். "உனக்கு அலுப்படிக்கும், வெளியில கப்பல் பாத்துக்கொண்டிரு" என்றீர்கள். வெளியே வெயில். நான் உள்ளே வந்து கடைசி வரிசையில் இருந்து காதுக்கருவியை மாட்டினேன். நீங்கள் மேடையில் சிங்களத்தில் பேசினீர்கள். கூண்டுக்குள் இருந்த பெண் எனக்குத் தமிழில் சொன்னார்.

"ஒரு மீனவப் பெண் அதிகாரியிடம் கூறினார்: முதலில் உங்கள் சட்டையைக் கழற்றி அந்தக் கல்லில் போட்டு இழுத்துப் பாருங்கள். கிழியாமல் வந்தால் நாங்கள் போகிறோம்."

மண்டபம் சிரித்தது. எனக்கும் முதலில் பெருமைதான், மாமா. உம்மாவின் பேச்சு மூன்று மொழியில் போகிறதே என்று. அடுத்த வசனமும் அதே குரலில் வந்தது. "இதை அப்படியே சொன்னால் அதிகாரி எழுந்து போய்விடுவார். ஆகவே, வேறு இடம் தந்தாலும் சம்மதம், ஐயாவின் முடிவை மதிக்கிறோம் என்று மொழிபெயர்த்தேன். அதிகாரி நன்றி கூறினார். கூட்டம் சண்டையின்றி முடிந்தது."

கைதட்டினார்கள். அந்தக் கூண்டுக்காரி யார் என்று எனக்குத் தெரியாது. உம்மா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்ன முதல் ஆள் அவர்தான். நீங்கள் மொழியைப் பெயர்க்கவில்லை, எங்களைப் பெயர்த்தீர்கள்.

கேள்வி நேரத்தில் நான் கை உயர்த்தினேன். மாலைதீவுக்கு ஒலிவாங்கி வந்தது. "அந்தப் பொம்புள இப்ப எப்பிடி இருக்கா?" என்று தமிழில் கேட்டேன். உங்கள் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன். சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னீர்கள். "அவர்கள் நலமாக இருக்கிறார்கள்" என்றது என் காது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து, "அந்தாள் எழும்பிப் போயிருந்தா இருந்ததும் போயிருக்கும் புள்ள" என்றீர்கள்.

"இப்ப என்ன இருக்கு மாமா?"

"ரெண்டு பக்கமும் அடிபடாமப் பாக்கிறதுதான் என்ட வேலை."

"உங்கட வேல, சொன்னதச் சொல்றது."

பஸ்ஸால் இறங்கும்போது, "ராத்தாட்டச் சொல்லிராத" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்களோடு நான் கதைக்கவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்தால் குசினிக்குள் போய்விடுவேன். படிப்பு கூடிவிட்டது என்று உம்மா நினைத்தார். உண்மையில் கூடித்தான் விட்டது. டவுனில் சிங்கள வகுப்பில் சேர்ந்திருந்தேன். இனி எங்களுக்கு நடுவில் யாரும் கதிரை போடக் கூடாது என்ற வீம்பு.

பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள், மவுத்தானீர்கள். வந்த சனத்துக்கெல்லாம், "எங்களுக்காக வாய் திறந்து கதச்ச தம்பி" என்று சொல்லிச் சொல்லி உம்மா அழுதார். பொய்யைச் சொன்னவர் போய்விட்டார், அதற்குக் காவல் நான். இது என்ன நியாயம், மாமா?

இந்தக் கிழமை புதிய அதிகாரி ஒருவர் வலை கிழிவது பற்றிச் சங்கம் கொடுத்த பழைய முறைப்பாட்டை விசாரிக்க வந்தார். அதே சங்கக் கட்டடம். உம்மா எழும்பி என்னைப் பார்த்தார். "தம்பி இல்ல. நீ சொல்லு புள்ள" என்றுவிட்டு, அதே கல்லையும் அதே சட்டையையும் சொன்னார். அந்த ஐயாவின் சட்டை நல்ல வெள்ளை, மடிப்புக் கலையாதது. உங்களுடைய மரியாதையான வசனம் என் வாய்க்குள் வந்து நின்றது. நீங்கள் ஏன் பயந்தீர்கள் என்பதும் அந்த இடத்தில் விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. உம்மா சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். கழற்றுவது, இழுப்பது, கிழிவது எல்லாம்.

அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்தது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். எழும்பிப் போகவும் இல்லை. கல் எங்கே இருக்கிறது, நாளை வலை இழுக்கும்போது வந்து பார்க்கிறேன் என்றார். வந்தும் பார்த்தார். இன்னும் முடிவு சொல்லவில்லை. பாடு திரும்பி வருமோ, வராதோ.

ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது உம்மா கேட்டார். "அண்டைக்கு அந்த ஐயா சிரிச்சவர். இவருக்கு மூஞ்சி கறுத்திட்டு. நான் ஒரே கதயத்தானே சொன்னனான்?"

நான் நடையைக் கூட்டினேன்.

"அவன் என்ன சொன்னவன்?"

சொன்னேன், மாமா. மண்டபம், கைதட்டல், நலமாக இருக்கிறார்கள், எல்லாம்.

உம்மா அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுச் சொன்னார். "சின்னன்லயும் இப்பிடித்தான். எங்கட வாப்பா எனக்கு அடிக்க வந்தா, நான் சொன்னத மாத்திச் சொல்லித் தப்ப வெப்பான். எனக்காகப் பொய் சொல்லாதடா, அடிய நான் வாங்கிக்கொள்றன் எண்டு அப்பயே சொன்னனான். கேக்கல்ல." வீட்டு வாசலில் நின்று, "இருந்தா ஒண்டு கேட்டிருப்பன்" என்றார்.

என்ன கேட்பீர்கள் என்றேன். அவர் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல், இனிப்புத் தடவாமல், உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

"என்ட கையால இடியப்பம் திண்டுக்கொண்டே, கல்லு மனசெண்டு அந்த ஐயாவ எப்பிடிடா ஏசினாய்?"

அன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வழக்கம்போல உங்களுக்காகத் துஆக் கேட்டார். இன்றும் கேட்டார். எனக்கு அந்த அளவு மனசு இன்னும் வரவில்லை, மாமா. நான் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியை மட்டும்தான்.