விடியற்காலைக் கல்யாணம்

1934 ஏப்ரல் 30, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. கோழிகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று.

என் கல்யாணம் மே 16. எனக்கும் மாப்பிள்ளைக்கும் வாத்தியார் வேலை, லீவு இப்போதுதான். இந்த வெக்கையில் யாரும் வாடி விழாமல் கல்யாணத்தை நடத்துவது என் பொறுப்பு. யாரும் ஒப்படைக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை:
பந்தல் – தென்னங்கிடுகு இரட்டையாக வேய்தல். மேற்கே மறைப்பு.
தண்ணீர்ப் பானைகள் – புதிது, மணலில் பதித்து. நன்னாரி வேர் போடலாம்.
நுங்கு. மோர். பதநீர் காலையில் மட்டும். (வெயில் ஏறினால் புளித்துக் கள்ளாகிவிடும். சபையில் கெட்ட பெயர்.)
பனை விசிறி – வேதக்கோயிலில் பெஞ்சுக்கு இரண்டு.
மாப்பிள்ளைக்குக் கம்பளிக் கோட்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். யார் சொல்வது?
அப்பா.

கடைசியாக எழுதினதுதான் பெரிய கவலை. போன மாதம் ஒரு அடக்க ஆராதனையில் அப்பா கோயிலுக்குள்ளேயே மயங்கி விழுந்தார். ஓடு பிரித்த இடத்தில் தகரம் போட்டிருக்கிறார்கள், உள்ளே நிற்பதும் அடுப்புக்குள் நிற்பதும் ஒன்று. நெஞ்சு பலவீனம், வெயில் ஏறினபிறகு நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் கல்யாணம் பதினொரு மணிக்கு. பெண்ணைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகிறவர் தகப்பன். சித்தப்பா நான் இருக்கேன் என்கிறார். நல்ல மனிதர்தான். எனக்கு அப்பாதான் வேண்டும்.

விடியற்காலையில் வைத்தால் என்ன?

மே 2, புதன்

அம்மாவோடு போதகர் வீட்டுக்கு. போதகர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"தடையொண்ணும் இல்ல பிள்ளே. ஆனா நம்ம சபையில விடியக்காலத்துல ஆருக்குக் கல்யாணம் வைப்போம்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். மனைவி செத்து மறுபடி கட்டுகிறவர்களுக்கு. ஊர் எழும்புமுன், நாலு சாட்சியோடு, மணி அடிக்காமல், பாட்டில்லாமல். யார் எப்போது வைத்த வழக்கமோ. வேதத்தில் இல்லை, நான் தேடிப் பார்த்தேன்.

திரும்பும் வழி முழுக்க அம்மா: "மாப்ளைக்கு மூத்தாள் ஒருத்தி இருந்தாளான்னு கேப்பாவ. நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்லுவேன்?"

அப்பாவிடம் சொன்னோம். ஒரே சிரிப்பு. "கேட்டா ஆமா, ரெண்டு பேரு இருந்தாவன்னு சொல்லு." அம்மா சாயங்காலம்வரை அவரிடம் பேசவில்லை.

ஆனாலும் இறங்கி வந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தால் சரியாம்.

மே 5, சனி

மாப்பிள்ளையின் தாய்மாமா மார்த்தாண்டத்திலிருந்து வந்தார். பஸ்ஸில் வெந்து வந்திருந்தார். மோர் செம்பு செம்பாக. "எங்க பக்கம் ரோடெல்லாம் நெழலாக்கும். இஞ்ச என்னா காய்ச்சல்!" எங்கள் ஊர் வெயிலைக் குறை சொல்லி முடிக்க நேரமாயிற்று. அப்புறம் விஷயம்.

"பையனுக்கு சம்மதம். எனக்க தங்கச்சிதான் ஒத்துக்கிடல்ல. விடியக்காலம் வேண்டாம்னு ஒரே சொல்லு."

"என்ன காரணம்?" என்று அப்பா கேட்டதும் மாமா செம்புக்குள் பார்த்தார். மோர் தீர்ந்துவிட்டது என்றார்.

எனக்குக் கோபம். மாமியாரை ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன், பெண் பார்க்க வந்தபோது. தலை நிமிராமல் பழம் சாப்பிட்டார். சாது என்று நினைத்தேன். சாதுவா! மகனும் அம்மா சொல்லை மீற மாட்டாராம். நல்ல பிள்ளையாகப் பார்த்துக் கட்டினால் இதுதான் வினை.

பந்தல்காரர் வரவில்லை. நாளை என்று சொல்லியனுப்பினார்.

மே 7, திங்கள்

அப்பா யாரிடமும் சொல்லாமல் பதினொரு மணிக்குக் குடையோடு கோயிலுக்குப் போயிருக்கிறார், வாசலிலிருந்து பீடம்வரை நடந்து பழக. தேடிப் போனேன். பாதி வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்து, உதடு வெளுத்து.

"பாதி தூரம் வந்துட்டேன் பாத்தியா?" என்றார்.

விசிறினேன். நுங்கு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அடுக்களையில் அழுதேன். வெங்காயம் என்றேன் அம்மாவிடம். வெங்காயமே இல்லை அங்கே.

மே 9, புதன்

நாகர்கோவில். கல்யாணச் சேலை எடுக்க இரு வீட்டாரும். ஜவுளிக்கடையில் பெரிய பாய், ஆளுக்கொரு நன்னாரி சர்பத். ஆண்கள் விலை பேசுகிற பக்கம். அம்மா ரவிக்கைத் துணி பார்க்கப் போக, நானும் மாமியாரும் தனியே. இரண்டு நாளாக மனதில் ஒத்திகை பார்த்த சண்டையைத் தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உனக்கு வெயிலு ஆவாதாமே மோளே?"

எனக்கா! மாமா போய்ச் சொன்ன அழகு அது. அப்பா விஷயம் முழுவதும் சொன்னேன். கோயிலில் விழுந்தது, டாக்டர் சொன்னது, முந்தாநாள் பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்தது. மாமி சர்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

குரலைத் தாழ்த்தினார்:

"எனக்க கல்யாணக் கெட்டு எப்ப நடந்துதுன்னு தெரியுமா? கோழி கூவுகதுக்கு முன்ன. அவருக்கு மூத்தாள் செத்துப் போனா. அவருக்கு ரெண்டாவது, சரி. எனக்கு முதல்ல உள்ளது தானே? மணியடிக்கல்ல. பாட்டு இல்ல. தலையில பூ வச்சதுக்கு ஒருத்தி முறைச்சா. வெளிய வந்தா பாக்கியதுக்கு ஒரு ஆள் இல்ல. வீட்டுக்குப் போனதும் அரிசி களையச் சொன்னாவ."

கடைக்காரர் சேலையாக விரித்துக்கொண்டே இருந்தார். நீலமா அரக்கா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

"எனக்க மோனுக்கும் அப்பிடி வேண்டாம்னு நெனச்சேன். அவ்வளவுதான் மோளே."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. "மணி அடிப்போம் மாமி. பாட்டும் உண்டு, பந்தியும் உண்டு. நேரம் மட்டும்தான் மாற்றம்" என்றேன்.

சர்பத்தை எடுத்துக் குடித்து முடித்தார்.

"ஒளிச்சு செய்யப்படாது. மணி நாலு ஊருக்குக் கேக்கணும்."

அரக்குச் சேலை அவர் எடுத்தது. நல்ல கண். எனக்கு நீலம்தான் பிடித்திருந்தது, சொல்லவில்லை.

மே 10, வியாழன்

மணிக்கும் பாட்டுக்கும் போதகர் சம்மதம். மணியடிக்கும் கோயில்குட்டிக்குத்தான் பயம். "இருட்டோட அடிச்சா எங்கயோ தீப்பிடிச்சுட்டுன்னு ஓடி வருவானுவ."

"வரட்டும். சாப்பிட்டுப் போகட்டும்" என்றேன்.

பாடகர் குழுவில் ஆண்குரல்காரர் ஒருவர், விடியக்காலத்தில் தொண்டை திறக்காது என்கிறார். சுக்குக் காப்பி கொடுப்பதாக ஒப்பந்தம்.

அம்மா, ஊரில் எவளாவது வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். இவள்தான் போன வாரம் பயந்தவள்!

மே 15, செவ்வாய்

மார்த்தாண்டத்து ஆட்கள் மாலையிலேயே வந்தாயிற்று. படுக்கை பள்ளிக்கூடத்தில். என் மூன்றாம் வகுப்பில் மாப்பிள்ளை. பஸ் கூரையில் குவியல் குவியலாகப் பலாப்பழம், ஊரே மணக்கிறது. பந்தல் நன்றாக வந்திருக்கிறது, உள்ளே போனால் குளிர்ச்சி.

மாப்பிள்ளையின் கோட்டு வெள்ளை ட்ரில் துணி, கம்பளி இல்லை. எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். சிரித்தார்.

அப்பா நேரத்தோடு படுத்துவிட்டார், தூங்காமல் புரள்கிறார். எனக்கும் தூக்கமில்லை, சேலையை இரண்டு தடவை மடித்து வைத்தேன்.

மே 16, புதன்

நடந்துவிட்டது. எல்லாம் முடிந்தும் இன்னும் வெயில் ஏறவில்லை. அவசரமாக எழுதுகிறேன்.

கிழக்கு வெளுக்கும்போது மணி. கோயில்குட்டி பயப்பட்டதில் நியாயம் உண்டு, இரண்டு பேர் வாளியோடு ஓடி வந்தார்கள். வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். கோயில் நிறைந்துவிட்டது. ஜன்னல் வழியே நல்ல காற்று, விசிறிகளை யாரும் தொடவில்லை.

அப்பா வாசலிலிருந்து பீடம்வரை நடந்தார். நான்தான் அவசரமாக நடந்தேன். "மெதுவா போடி, ஆரு தொரத்துகா?" என்று காதுக்குள். அன்று உட்கார்ந்த பாதி வழிப் பெஞ்சைத் தாண்டும்போது என் கையை ஒருமுறை அழுத்தினார். நான் அழுதுவிட்டேன். பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை, தொண்டை திறந்ததா என்று பிறகு கேட்க வேண்டும்.

பந்தியில் முதல் இலை மாமிக்கு, அப்பாவே பரிமாறினார். தலை நிறையப் பூ வைத்திருந்தார் மாமி. பக்கத்து இலையில் அஞ்சுகிராமத்து அம்மாள் ஒருத்தி, எல்லாருக்கும் கேட்கிற குரலில்:

"என்னத்துக்கு விடியக்காலத்துல? பையனுக்கு ரெண்டாம் கல்யாணமா?"

அம்மா குழம்பு வாளியோடு திரும்பினாள். அதற்குள் மாமி நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டார்.

"அவனுக்கு இல்ல. ரெண்டாம் கெட்டுக்கு வாக்கப்பட்டவ நானாக்கும். அண்ணு ஒருத்தரும் மணியடிக்கல்ல. இண்ணைக்கு அடிச்சாச்சு, கேட்டியளா?"

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். மாமி இலையை இழுத்து வைத்துக்கொண்டு, அப்பாவிடம் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார்.